மீக்குளிர் அணு வாயுக்கள்: வன்னி மாணவர்களின் கேள்விகளும் விடைகளும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் உயர்தரம் பயிலும் மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும், சில வேளைகளில் பெற்றோரும், அணுப் பௌதிகவியலின் இன்றைய ஆய்வுகளைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. வெப்பவியல், உந்தக் காப்பு, டொப்ளர் விளைவு, டி புறோக்லி அலைநீளம் ஆகியவற்றை உயர்தர வகுப்பில் படித்தவர் எவரும் இவ்விடைகளைப் பின்தொடரலாம். குளிர்விப்பது இத்துறையின் நோக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது வழி மட்டுமே. ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது, அடுத்த அணுவோடு எவ்வளவு வலிமையாக இடைத்தாக்கம் புரிகிறது என்பவற்றை ஆய்வாளரே தீர்மானிக்கும் நிலையை அடைவதே நோக்கம். கீழுள்ள விடைகள் பலவும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

மீக்குளிர் என்றால் எவ்வளவு குளிர்?

ஆவணி வெயிலில் கிளிநொச்சியின் வளி 35 பாகை செல்சியஸைத் தொடுகிறது. அது 308 கெல்வின் ஆகும். திரவ நைதரசன் 77 கெல்வினிலும் திரவ ஈலியம் 4.2 கெல்வினிலும் கொதிக்கின்றன. விண்மீன்களுக்கு இடையிலான வெளியை நிரப்பியுள்ள பிரபஞ்சப் பின்னணிக் கதிர்ப்பின் வெப்பநிலை 2.7 கெல்வின். மீக்குளிர் அணு ஆய்வுகூடங்களிலோ 100 நனோகெல்வின் என்பது அன்றாட நிலை. கிளிநொச்சி வளியின் வெப்பநிலையில் ஏறத்தாழ முந்நூறு கோடியில் ஒரு பங்கே அது.

வெப்பநிலை என்பது துணிக்கைகளின் ஒழுங்கற்ற இயக்கத்தின் அளவு என்பதால், இதனை வேகத்தில் சொல்வது தெளிவு. அறைவெப்பநிலையில் ரூபிடியம் அணு ஒன்று செக்கனுக்கு ஏறத்தாழ 290 மீற்றர் வேகத்தில் பறக்கிறது. 100 நனோகெல்வினில் அதே அணு செக்கனுக்கு 5 மில்லிமீற்றர் அளவே நகர்கிறது. 2021ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிரேமன் நகரிலுள்ள வீழ்ச்சிக் கோபுரத்தில், தடையின்றி விழும் நிலையில் பரந்து விரியும் அணுத்திரள் ஒன்றின் இயக்க வெப்பநிலை 38 பிக்கோகெல்வினுக்குக் குறைக்கப்பட்டது. அதாவது 100 நனோகெல்வினை விடவும் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு.

அவ்வளவு குளிரில் எல்லாப் பொருளும் உறைந்து திண்மமாகிவிட வேண்டுமே. ஏன் அது இன்னும் வாயுவாக இருக்கிறது?

இது மிகச் சரியான ஐயம். சமநிலை என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ரூபிடியம் அங்கே திண்மமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் திண்மம் உருவாக முதலில் இரண்டு அணுக்கள் பிணைந்து மூலக்கூறாக வேண்டும். பிணையும்போது வெளிப்படும் சக்தியையும் உந்தத்தையும் எடுத்துச் செல்ல மூன்றாவது அணு ஒன்று அதே கணத்தில் அருகில் இருந்தாக வேண்டும். ஆய்வுகூட வாயுவின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 10¹³ முதல் 10¹⁴ அணுக்கள் வரையே ஆகும். நாம் சுவாசிக்கும் வளியின் அடர்த்தியில் அது இலட்சத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இத்தகைய ஐதான வாயுவில் மூன்று அணுக்கள் ஒரே இடத்தில் சந்திப்பது அரிது. ஆகவே சில செக்கன்களுக்கோ ஒரு நிமிடம் வரைக்குமோ அது வாயுவாகவே நீடிக்கிறது. பரிசோதனை முழுவதும் அந்த இடைவெளிக்குள் செய்து முடிக்கப்படுகிறது.

கலத்தின் சுவரில் பட்டால் அணு உடனே சூடாகிவிடும் என்பதால், வாயு எந்தச் சுவரையும் தொடாமல் காந்தப்புலத்தாலோ லேசர்க் கற்றையாலோ வெற்றிடத்தின் நடுவே தாங்கப்பட்டிருக்கும். அவ்வெற்றிடத்தின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பத்து இலட்சம் கோடியில் ஒரு பங்கிலும் குறைவு.

வெளிச்சம் பட்டால் பொருள் சூடாகும். லேசர் எப்படிக் குளிர்விக்கிறது?

ஒளியின் போட்டோன் ஒவ்வொன்றுக்கும் உந்தம் உண்டு. அணுவின் இயக்கத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வரும் போட்டோனை அணு உறிஞ்சும்போது அதன் வேகம் சற்றுக் குறைகிறது. பின்னர் அணு அந்தப் போட்டோனை ஏதோ ஒரு திசையில் வெளிவிடுகிறது. வெளிவிடும் திசைகள் எழுமாறானவை என்பதால் அவற்றின் தாக்கங்கள் சராசரியில் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. உறிஞ்சும் திசையோ எப்போதும் ஒன்றே. எனவே மீதமாவது வேகக்குறைப்பு மட்டுமே.

ரூபிடியத்துக்கு 780 நனோமீற்றர் அலைநீள ஒளி பயன்படுகிறது. ஒரு போட்டோன் அதன் வேகத்தை செக்கனுக்கு 6 மில்லிமீற்றர் அளவே மாற்றும். செக்கனுக்கு 290 மீற்றரில் பறக்கும் அணுவை நிறுத்த ஏறத்தாழ 50,000 போட்டோன்கள் தேவை என்று மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். எண் பெரிதாகத் தோன்றினாலும், ரூபிடியம் அணு ஒரு செக்கனில் ஒரு கோடிக்கு மேற்பட்ட தடவைகள் போட்டோனை உறிஞ்சி வெளிவிடக்கூடியது. ஆகவே சில மில்லிசெக்கன்களிலேயே, அரை மீற்றருக்கும் குறைந்த தூரத்துக்குள், வேலை முடிந்துவிடுகிறது. அப்போது அணு அனுபவிக்கும் அமர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலைப் போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு.

தன்னை நோக்கி வரும் ஒளியை மட்டும் அணு எவ்வாறு தெரிந்து உறிஞ்சுகிறது என்பதே இதன் நுட்பம். லேசரின் மீடிறன் அணுவின் பரிவு மீடிறனுக்குச் சற்றுக் கீழே வைக்கப்படுகிறது. கற்றையை எதிர்த்துச் செல்லும் அணுவுக்கு டொப்ளர் விளைவினால் அம்மீடிறன் உயர்ந்து பரிவோடு பொருந்துகிறது. கற்றையோடு சேர்ந்து செல்லும் அணுவுக்கு அது மேலும் விலகிவிடுகிறது. ஆறு திசைகளிலிருந்தும் இவ்வாறு கற்றைகளைச் செலுத்தினால் அணு எப்பக்கம் நகர்ந்தாலும் எதிர்ப்பைச் சந்திக்கும். வெப்பம் எங்கே போனது என்ற கேள்வியும் இதனோடு வரும். உறிஞ்சிய ஒளியை விடச் சராசரியில் சற்று உயர்ந்த மீடிறனில் அணு ஒளியை வெளிவிடுகிறது. அந்த வேறுபாட்டோடுதான் அணுவின் இயக்கசக்தி வெளியேறுகிறது.

இக்கருத்தை 1975இல் தியோடர் ஹேன்ஷும் ஆர்தர் ஷாலோவும் முன்வைத்தனர். 1985இல் ஸ்டீவன் சூவின் குழு சோடியம் அணுக்களை 240 மைக்ரோகெல்வின் வரை குளிர்வித்தது. கோட்பாடு அனுமதித்த எல்லையும் அதுவே. மூன்று ஆண்டுகளின் பின் வில்லியம் பிலிப்ஸின் குழு அதே சோடியத்தில் 43 மைக்ரோகெல்வினை அளந்தது. எல்லையை விடப் பரிசோதனை கீழே சென்றுவிட்டது! ஒளியின் முனைவாக்கத்தையும் அணுவின் உள்மட்டங்களையும் சேர்த்துக் கணித்தபோதுதான் காரணம் விளங்கியது. அதில் குளோட் கோஹென்-தனூஜியின் பங்கு பெரிது. இம்மூவருக்கும் 1997இல் நோபல் பரிசு கிடைத்தது. அளவீடு கோட்பாட்டோடு ஒத்துவராதபோது அளவீட்டைத் திருத்தி எழுதும் பழக்கம் நம் செய்முறைப் பாட அறைகளில் உண்டு. பிலிப்ஸின் குழு அப்படிச் செய்திருந்தால் இந்த வரலாறு வேறாக இருந்திருக்கும்.

லேசர் மட்டும் போதாதா?

பெரும்பாலும் போதாது. போட்டோனை வெளிவிடும் ஒவ்வொரு தடவையும் அணு சற்று உதைபடுகிறது. அந்த உதையின் அளவுக்குக் கீழே செல்ல வேறு வழி வேண்டும். நம் வீடுகளில் மண்பானை நீர் வெயிலிலும் குளிர்ந்திருப்பதற்குக் காரணமான ஆவியாதலே அவ்வழி. அதிக சக்தியுள்ள மூலக்கூறுகள் வெளியேற, எஞ்சியவற்றின் சராசரிச் சக்தி குறைகிறது. அணுக்களை வெற்றிடத்தின் நடுவே பிடித்துவைத்திருக்கும் புலத்துக்கு அணுப்பொறி என்று பெயர். அதன் விளிம்பை ஆய்வாளர் மெல்ல மெல்லத் தாழ்த்துவார். வேகமான அணுக்கள் தப்பிச் செல்லும். மீதமுள்ளவை மோதித் தம்முள் சக்தியைப் பகிர்ந்து, இன்னும் குறைந்த வெப்பநிலையில் சமநிலை அடையும். நூற்றில் தொண்ணூற்றொன்பது அணுக்களுக்கு மேல் இழந்தாலும் பரவாயில்லை என்ற துணிவு இதற்கு வேண்டும்.

போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம் என்பது என்ன? அதில் போஸின் பங்கு எது?

குளிரக் குளிர அணுவின் டி புறோக்லி அலைநீளம் நீள்கிறது. அறைவெப்பநிலையில் ரூபிடியத்தின் வெப்ப அலைநீளம் ஒரு நனோமீற்றரில் நூறில் ஒரு பங்கு. 100 நனோகெல்வினில் அது ஏறத்தாழ 600 நனோமீற்றர். அதாவது அணுக்களுக்கு இடையிலான தூரத்தோடு ஒப்பிடக்கூடியது. அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, எது எந்த அணு என்று வேறுபடுத்துவதற்குப் பொருளே இல்லாமற் போகிறது. ஒரே மாதிரியான அணுக்களின் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த ஒரே சக்தி நிலையில் சென்று சேர்ந்துவிடுகிறது.

டாக்கா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த சத்தியேந்திர நாத் போஸ், வேறுபடுத்த முடியாத துணிக்கைகளாகப் போட்டோன்களைக் கருதி அவற்றை எண்ணும் புதிய முறையைக் கண்டு, 1924இல் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனை ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்ததோடு, அதே முறையை அணுக்களுக்கும் விரித்து, ஒடுக்கம் நிகழும் என்று எதிர்வுகூறினார். ஆகவே எண்ணும் முறை போஸினுடையது. ஒடுக்கம் பற்றிய எதிர்வுகூறல் ஐன்ஸ்டைனுடையது.

பரிசோதனைக்கு எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1995 யூன் 5இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கோர்னெலும் கார்ல் வீமனும் ஏறத்தாழ 2,000 ரூபிடியம் அணுக்களை 170 நனோகெல்வினில் ஒடுக்கினர். சில மாதங்களில் எம்.ஐ.டி.யில் வூல்ஃப்காங் கெட்டர்லேயின் குழு சோடியத்தில் அதைவிடப் பல மடங்கு பெரிய ஒடுக்கத்தை உருவாக்கியது. மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வீமன் பயன்படுத்தியவற்றுள் மலிவான அரைக்கடத்தி லேசர்களும் அடங்கும். இறுவட்டு இயந்திரங்களுக்காகப் பெருந்தொகையில் செய்யப்பட்ட லேசர்களின் அலைநீளமும் 780 நனோமீற்றரை அண்மித்ததே. இத்துறையில் ரூபிடியம் இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லா அணுக்களும் இவ்வாறு ஒரே நிலையில் சேருமா?

இல்லை. புரோத்தன், நியூத்திரன், இலத்திரன் ஆகியவற்றின் மொத்த எண்ணிக்கை இரட்டையாயின் அந்த அணு போசோன், ஒற்றையாயின் பேர்மியோன். ஒரே நிலையில் இரண்டு பேர்மியோன்கள் இருக்க முடியாது. அவை சக்திப் படிகளைக் கீழிருந்து ஒவ்வொன்றாக நிரப்பும். டெபோரா ஜின் 1999இல் பொற்றாசியம்-40ஐக் கொண்டு இத்தகைய வாயுவை முதன்முதலில் உருவாக்கினார். உலோகத்தினுள் உள்ள இலத்திரன்களும் பேர்மியோன்களே என்பதால் இது முக்கியம். அடுத்த விடைக்கு இது அடிப்படையும் ஆகும்.

நோபல் பரிசும் கிடைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?

1986இல் கண்டறியப்பட்ட உயர்வெப்பநிலை மீக்கடத்திகளை எடுத்துக்கொள்வோம். அவை தடையின்றி மின்னைக் கடத்துவதன் முழுக் காரணத்தை இன்றுவரை எவரும் உறுதியாக நிறுவவில்லை. அவற்றின் இலத்திரன்களை விபரிக்க ஹபார்ட் மாதிரி என்ற எளிய சமன்பாடு உண்டு. சாலகம், அதாவது ஒழுங்கான இடைவெளியில் அமைந்த இடங்களின் வலை ஒன்றில், துணிக்கை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவலாம். ஒரே இடத்தில் இரண்டு இருந்தால் அதற்குச் சக்தி விலை உண்டு. சமன்பாட்டில் இவ்வளவே உள்ளது. ஆயினும் தீர்ப்பது கொடுமையானது. இலத்திரனின் ஸ்பின் மேல் அல்லது கீழ் நோக்கியிருக்கும் என்பதால் ஓரிடம் வெறுமையாகவோ, ஒரு ஸ்பின்னோடோ, மற்றையதோடோ, இரண்டோடுமோ இருக்கலாம். இவ்வாறு ஒவ்வோர் இடத்துக்கும் நான்கு நிலைகள் என்றால், 50 இடங்களே கொண்ட சாலகத்துக்கு 4⁵⁰, அதாவது 10³⁰ஐத் தாண்டிய எண்ணிக்கையான நிலைகள் உண்டு. எந்தக் கணினியின் நினைவகமும் அதனைத் தாங்காது.

கணிக்க முடியாததைக் கட்டிப் பார்க்கலாம் என்பதே மீக்குளிர் அணுக்கள் தரும் வழி. எதிரெதிராக வரும் லேசர்க் கற்றைகள் தலையிட்டு நிலையான அலையை உருவாக்கும்போது, ஒளியின் செறிவு அரை அலைநீளத்துக்கு ஒரு தடவை கூடிக் குறைந்து அணுக்களுக்கான சாலகமாகிறது. லேசரின் வலுவைக் கூட்டினால் அணு தாவுவது கடினமாகும், குறைத்தால் எளிதாகும். பெஷ்பாக் பரிவு எனப்படும் நிகழ்வினால், காந்தப்புலத்தைச் சற்றே மாற்றி அணுக்களுக்கு இடையிலான விலக்கத்தைக் கவர்ச்சியாகவும் மாற்றலாம். உண்மையான உலோகத்தில் இவற்றுள் எதையும் இவ்வாறு விரும்பியபடி திருப்ப முடியாது. திண்மத்தில் அணுக்களின் இடைத்தூரம் ஒரு நனோமீற்றரிலும் குறைவு. ஒளிச் சாலகத்தில் அது ஏறத்தாழ 500 நனோமீற்றர். இலத்திரன்களின் இயக்கம் கண்ணுக்கெட்டாத வேகத்தில் நிகழ்கிறது. இங்கே அணுவின் தாவல் மில்லிசெக்கன் அளவில் நிகழ்கிறது. ஒளிப்படம் எடுத்துப் பின்தொடர அவ்வளவு போதும்.

2002இல் மியூனிக்கில் மார்க்குஸ் கிரைனர், இமானுவேல் புளொக் ஆகியோரின் குழு, தடையின்றிப் பாயும் மீப்பாய்மத்தை லேசர் வலுவைக் கூட்டுவதன் மூலமே ஒவ்வோர் இடத்திலும் அணுக்கள் கட்டுண்ட காவலி நிலைக்கு மாற்றி, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து காட்டியது. இத்துறையின் வரலாற்றில் 1995ஐ விட இதுவே பெரிய திருப்பம் என்பது இத்தொகுப்பாசிரியரின் கருத்து. 1995 ஒரு எதிர்வுகூறலை மெய்ப்பித்தது; 2002 ஒரு கருவியைத் தந்தது. 2009இல் ஹார்வார்ட்டில் கிரைனரின் குழு சாலகத்தின் ஒவ்வோர் இடத்திலும் அணு உண்டா இல்லையா என்று தனித்தனியே படம்பிடிக்கும் நுணுக்குக்காட்டியை உருவாக்கியது. 2017இல் அதே பல்கலைக்கழகத்தில், அயல் அணுக்களின் ஸ்பின்கள் மாறிமாறி எதிர்த்திசையில் ஒழுங்குபடும் எதிர்ப்பெர்ரோகாந்த ஒழுங்கு, அவ்வாறான படங்களில் நேரடியாகக் காணப்பட்டது. 2024இல் சீனக் குழு ஒன்று ஏறத்தாழ எட்டு இலட்சம் இடங்கள் கொண்ட முப்பரிமாணச் சாலகத்தில் லிதியம் அணுக்களைக் கொண்டு அந்த ஒழுங்கு தோன்றும் நிலைமாற்றத்தைக் கண்டது. மீக்கடத்தலுக்கு இன்னும் தாழ்ந்த வெப்பநிலை வேண்டும். இன்றைய போட்டி அங்கேதான் நடக்கிறது.

இதுவரை இல்லாத புதிய சடநிலைகள் உருவாக்கப்பட்டுள்ளனவா?

ஆம். மீத்திண்மம் அவற்றுள் ஒன்று. திண்மத்தைப் போல ஒழுங்கான இடைவெளியில் அடர்த்தி கூடிக் குறையும். அதே வேளையில் உராய்வின்றிப் பாயும். இரண்டு பண்புகளும் ஒரே பொருளில் இருக்கலாம் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கருதப்பட்டது. 2004இல் திண்ம ஈலியத்தில் அது கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, பின்னர் 2012இல் அதே ஆய்வாளரே பரிசோதனையைத் திருத்தியமைத்துச் செய்து, அவ்வறிவிப்புக்கு ஆதாரம் இல்லை என்று வெளியிட்டார். 2019இல் இத்தாலியின் பீசா, ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக் ஆகிய மூன்று இடங்களிலும் காந்தத்தன்மை மிகுந்த டிஸ்புரோசியம், எர்பியம் அணுக்களில் அது உருவாக்கப்பட்டது. 2024இல் பிரான்செஸ்கா ஃபெர்லைனோவின் இன்ஸ்புருக் குழு மீத்திண்மத்தைச் சுழற்றி அதனுள் குவாண்டம் சுழிகளைக் கண்டது. உராய்வற்ற பாய்ச்சலுக்கு அதைவிடத் தெளிவான சான்று கேட்பது கடினம்.

மூலக்கூறுகளைக் குளிர்விப்பது அணுக்களைக் குளிர்விப்பதை விடப் பன்மடங்கு கடினம். அவை அதிர்கின்றன, சுழல்கின்றன, மோதினால் இரசாயனத் தாக்கமும் புரிகின்றன. 2024இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் செபஸ்தியன் வில்லின் குழு, சோடியமும் சீசியமும் சேர்ந்த மூலக்கூறுகளைச் சில நனோகெல்வினுக்குக் குளிர்வித்து ஒடுக்கத்தை அடைந்தது. மூலக்கூறுகள் நெருங்கி மோதாதபடி நுண்ணலைகளால் அவற்றுக்கிடையே விலக்கத்தை ஏற்படுத்தியதே அதன் திறவுகோல்.

அணுக் கடிகாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

செக்கன் என்பது 1967 முதல் சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகளாக வரையறுக்கப்பட்டுள்ளது. அது நுண்ணலை மீடிறன். ஒளியின் மீடிறனில் ஓடும் கடிகாரம் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேகமாகத் துடிக்கும். யப்பானின் ஹிடெதோஷி கட்டோரி, ஸ்ரொன்சியம் அணுக்களை ஒளிச் சாலகத்தில் பிடித்து, சாலகமே கடிகாரத்தின் மீடிறனைக் குழப்பாதபடி அலைநீளத்தைத் தெரிவுசெய்யும் முறையை 2001இல் முன்வைத்தார். 2024இல் போல்டரில் ஜுன் யேயின் குழு அத்தகைய கடிகாரத்தின் மொத்த ஐயப்பாட்டை 8×10⁻¹⁹ அளவுக்குக் குறைத்தது. பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் ஓடினாலும் பிழை ஒரு செக்கனை எட்டாது.

இந்நுண்மையில் நேரம் உயரத்தைப் பொறுத்து மாறுவதைத் தவிர்க்க முடியாது. பொதுச் சார்பியலின்படி ஒரு மீற்றர் உயர்ந்தால் கடிகாரம் 1.1×10⁻¹⁶ பங்கு வேகமாக ஓடும். முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு கடிகாரத்தையும் அதைவிட 100 மீற்றர் உயரமான இடத்தில் இன்னொன்றையும் வைத்தால், ஓராண்டில் அவை ஒரு மைக்ரோசெக்கனில் மூன்றில் ஒரு பங்கு வேறுபடும். 2022இல் யேயின் குழு ஒரே அணுத்திரளுக்குள் ஒரு மில்லிமீற்றர் உயர வேறுபாட்டிலேயே இந்த விளைவை அளந்தது. நில அளவையாளர்கள் இதில் ஆர்வம் கொண்டிருப்பது வியப்பன்று.

குவாண்டம் கணினிக்கு இவ்வணுக்கள் பயன்படுமா?

பயன்படுகின்றன. கூர்மையாகக் குவித்த லேசர்க் கற்றை ஒவ்வொன்றும் ஓர் அணுவைப் பிடிக்கும். வெளி இலத்திரனை மிக உயர்ந்த ரிட்பேர்க் நிலைக்கு ஏற்றினால் அணு பல மடங்கு வீங்கி, அயல் அணுவும் அவ்வாறு ஏறுவதைத் தடுக்கும். அந்தத் தடையே தருக்கப் படலைகளுக்கு அடிப்படை. 2023இல் மிக்கைல் லூக்கினின் ஹார்வார்ட் குழு 48 தருக்கக் கியூபிட்டுகளைக் (வழுக்களைத் திருத்துவதற்காகப் பல அணுக்களைச் சேர்த்து அமைக்கும் குவாண்டம் பிட்டுகளை) கொண்ட கணிப்புகளை நிகழ்த்தியது. அமெரிக்காவின் கால்ரெக் நிறுவனத்தில் 6,100 அணுக்களின் அணி ஒன்று அமைக்கப்பட்டது. 2025இல் ஹார்வார்ட்டில் இழந்த அணுக்களை இடையிடையே நிரப்பியபடி 3,000 அணுக்களின் அணி இரண்டு மணித்தியாலங்களுக்கு மேல் தொடர்ந்து இயக்கப்பட்டது. இவை பெரிய முன்னேற்றங்கள். ஆயினும் வங்கிக் கடவுச்சொற்கள் நாளையே உடைக்கப்படும் என்று சமூக ஊடகங்களில் பரவும் செய்திகளை நம்பத் தேவையில்லை. வழுத் திருத்தத்தோடு அந்த அளவுக்குச் செல்ல இன்னும் நீண்ட தூரம் உண்டு.

தனிச்சுழியத்தை (0 கெல்வினை) அடைய முடியுமா?

முடியாது. முடிவுள்ள எண்ணிக்கையான படிகளில் அதனை அடைவதை வெப்பவியக்கவியலின் மூன்றாம் விதி தடுக்கிறது. 2013இல் மியூனிக்கில் எதிர்க்குறித் தனிவெப்பநிலை உருவாக்கப்பட்ட செய்தியைக் கேட்டுச் சிலர் குழம்புகின்றனர். அது சுழியத்துக்குக் கீழே சென்றது அன்று. உயர் சக்தி நிலைகளில் அதிக அணுக்கள் இருக்கும் தனித்த ஏற்பாடு அது.

வன்னியின் நிலத்தடி நீரை அறிய இது உதவுமா?

உதவக்கூடிய துறை இதுவே. விழும் அணுவின் அலையை லேசர்த் துடிப்புகளால் இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு பாதைகளில் செலுத்தி, மீண்டும் சேர்த்தால் தோன்றும் தலையீடு புவியீர்ப்பு ஆர்முடுகலை மிக நுண்மையாகத் தருகிறது. நிலத்தடியில் நீர் கூடினால் அங்கே திணிவு கூடுகிறது; ஈர்ப்பும் சிறிது கூடுகிறது. பரந்த ஒரு மீற்றர் ஆழ நீர்ப் படை அதன் மேலுள்ள ஈர்ப்பை ஏறத்தாழ 42 மைக்ரோகால் மாற்றும். ஒரு மைக்ரோகால் என்பது 10⁻⁸ மீற்றர்/செக்கன்² ஆகும். நீர்த்தாங்கு படையின் கனவளவில் பத்தில் ஒரு பங்கே நீருக்கான இடம் என்று கொண்டால், நிலத்தடி நீர்மட்டம் ஒரு மீற்றர் ஏறும்போது 4 மைக்ரோகால் மாற்றம் கிடைக்கும். இன்றைய அணு ஈர்ப்புமானிகளின் எல்லைக்குள் அது அடங்குகிறது. அத்தகைய கருவி ஒன்று இத்தாலியின் எட்னா எரிமலையில் வைக்கப்பட்டு, நிலத்தடித் திணிவு மாற்றங்களை அளந்துள்ளது. 2022இல் பிரித்தானியாவின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு வீதியின் கீழிருந்த சுரங்கம் ஒன்றை, ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் வீதமாகிய ஈர்ப்புச் சரிவை அளந்து கண்டறிந்தது.

மாரி மழைக்குப் பின் இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பகுதிகளிலோ முருங்கன் பக்கமோ நீர் எவ்வளவு ஊறியது என்பதைக் கிணறு கிணறாக இறங்கி அளக்காமல் அறிய இது ஒரு வழியாகலாம். கருவியின் விலை இப்போது மிக அதிகம். அது குறையும்வரை கிணற்று நீர்மட்டப் பதிவுகளை ஒழுங்காகப் பேணுவதே மலிவான வேலை. கருவி வந்தாலும் ஒப்பிட அப்பதிவுகள் தேவைப்படும்.

அப்படியானால் கண்ணிவெடிகளையும் கண்டுபிடிக்கலாமா?

ஈர்ப்பின் மூலம் முடியாது. எதிர்பார்ப்பை வளர்க்காமல் கணக்கைச் சொல்வதே நேர்மை. 200 கிராம் திணிவுள்ள வெடி 30 சென்ரிமீற்றர் தூரத்தில் ஏற்படுத்தும் ஈர்ப்பு 0.015 மைக்ரோகால் அளவே. அது இடம்பெயர்த்த மண்ணின் திணிவைக் கழித்தால் வேறுபாடு இன்னும் சிறிது. கருவியின் அருகே ஒருவர் நடந்து சென்றாலே அதைவிடப் பெரிய மாற்றம் பதிவாகும். வெடிபொருளிலுள்ள நைதரசன் கருக்களின் வானொலிச் சைகையை அணுக் காந்தமானிகளால் பிடிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. பிரின்ஸ்ரனில் அமோனியம் நைத்திரேற்று மாதிரி ஒன்றில் அது செய்து காட்டப்பட்டது. ஆனால் அது சூடான அணு ஆவியைப் பயன்படுத்துவது. ஆய்வுகூடத்துக்கு உள்ளே நடந்தது. கண்ணிவெடிகள் அகற்றப்படும் முகமாலை போன்ற இடங்களில் உலோகங்காணியும் பயிற்சி பெற்றவரின் பொறுமையுமே இன்றும் வேலை செய்கின்றன.

இந்த ஆய்வு ஆபத்தானதா?

கதிர்வீச்சோ வெடிப்போ இல்லை. கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ் லேசர்தான் கவனிக்க வேண்டியது. பாதுகாப்புக் கண்ணாடி இன்றி எவரும் அறைக்குள் செல்லக்கூடாது.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இத்தகைய ஆய்வுகூடம் அமைக்கலாமா?

ஒடுக்கத்தை உருவாக்கும் முழு ஏற்பாட்டுக்குப் பல கோடி ரூபா வேண்டும். அதைவிட, பழுதானதைத் தாமே திருத்தும் இரண்டு மூன்று பேர் வேண்டும். மின்வெட்டு ஒன்று வெற்றிடத்தைக் கெடுத்தால், கலத்தை மீண்டும் நாட்கணக்கில் சூடாக்கி வாயுவை வெளியேற்ற வேண்டியிருக்கும். எனவே முதற்படியாக அதனைக் கருதுவது புத்திசாலித்தனம் அன்று. ரூபிடியம் ஆவிக் கலம் ஒன்று, அரைக்கடத்தி லேசர் ஒன்று, ஒளியுணரி ஒன்று ஆகியவற்றோடு, பரிவுக் கோடுகளை அளந்து லேசரை அணுவின் மீடிறனில் பூட்டும் பரிசோதனையைத் தொடங்கலாம். அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலோ ஓர் இறுதியாண்டு ஆய்வுத்திட்டமாக அது அமையக்கூடியது. லேசரைப் பூட்டத் தெரிந்தவரை உலகின் எந்த மீக்குளிர் ஆய்வுகூடமும் வரவேற்கும்.

கோட்பாட்டுப் பகுதிக்குக் கருவியே தேவையில்லை. ஒடுக்கத்தின் இயக்கத்தை விபரிக்கும் குரொஸ்-பிட்டயேவ்ஸ்கி சமன்பாட்டைச் சாதாரண மடிக்கணினியில் பைதன் மொழியில் எழுதித் தீர்க்கலாம். ஒடுக்கத்தைச் சுழற்றினால் சுழிகள் எப்படி அணிவகுக்கின்றன என்பதை மாணவர் தம் வீட்டிலேயே காணலாம். இத்துறையின் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஆர்கைவ் (arXiv) இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இதில் சேர விரும்பும் மாணவர் எதைப் படிக்க வேண்டும்?

உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் உறுதியாக வேண்டும். பட்டப்படிப்பில் குவாண்டம் பொறிமுறை, புள்ளிவிபரப் பொறிமுறை, மின்காந்தவியல், ஒளியியல், நேர்கோட்டு அட்சரகணிதம் ஆகியவற்றைத் தவறவிடக்கூடாது. இலத்திரனியலையும் நிரலாக்கத்தையும் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். பரிசோதனைக் குழுக்களில் அன்றாட வேலை பெரும்பாலும் அவ்விரண்டிலேயே நடக்கிறது. மேற்படிப்புக்கு அருகில் பெங்களூரின் இராமன் ஆய்வு நிறுவனம், மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், புனேயின் இந்திய விஞ்ஞானக் கல்வி ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் குளிர் அணு ஆய்வுகூடங்கள் உள்ளன. இந்தியா 2023இல் ஏறத்தாழ 6,000 கோடி இந்திய ரூபா மதிப்பில் தேசியக் குவாண்டம் திட்டத்தை அங்கீகரித்தது. சிங்கப்பூரில் 2007 முதல் இயங்கும் குவாண்டம் தொழினுட்ப மையமும் கலாநிதிப் பட்ட மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. விண்ணப்பிக்கும் முன் அந்தக் குழுவின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது முழுமையாக வாசித்து, அவற்றுள் விளங்காத இடத்தைக் குறிப்பிட்டுக் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது. பரீட்சைப் புள்ளிகளின் பட்டியலை மட்டும் அனுப்புவதை விட அதற்குப் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.